இரண்டு ஸ்கேனும் ஒரே மாதிரி, அம்மா மட்டும் ஏன் இப்படி?

கேள்வி: என் அம்மாவுக்கு 73 வயது. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். 2022இல் ஒருநாள் கோயிலுக்குப் போனவர், உத்தர வீதியில் திரும்ப வேண்டிய இடம் தெரியாமல் வெகுநேரம் சுற்றியிருக்கிறார். 2023 ஜூனில் அல்சைமர், ஆரம்ப நிலை என்றார்கள். அப்போது எடுத்த எம்.ஆர்.ஐ.யில் எம்.டி.ஏ. ஸ்கோர் 3. ஞாபகப் பரிசோதனையில் 30க்கு 25. 2025 ஆகஸ்டில் மறுபடி பார்த்தோம். ஸ்கேனில் அதே 3, ‘குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை’ என்று ரிப்போர்ட். பரிசோதனையில் மட்டும் 16. முன்பு 15 புள்ளிக் கோலம் போட்டவர், இப்போது புள்ளி வைத்துவிட்டு அப்படியே நிற்கிறார். எந்தப் புடவை கட்டுவது என்று தெரியவில்லை. எடுத்துக் கொடுத்தால் கட்டிக்கொள்கிறார். ஆனால் 16ஆம் வாய்ப்பாட்டைத் தடங்கல் இல்லாமல் சொல்கிறார். பெங்களூரில் இருக்கும் அண்ணன் போனில் பேசிவிட்டு, “நல்லாத்தானே பேசுறாங்க, நீதான் பெரிசு பண்றே” என்கிறான். மூளை மாறாமல் ஆள் மட்டும் எப்படி மாற முடியும்? அம்மா இப்போது எந்த ஸ்டேஜ்? அமெரிக்காவில் வந்திருக்கும் புது ஊசி போடலாமா? பரிசோதனைத் தாள்களையும் மாத்திரை விவரத்தையும் இணைத்திருக்கிறேன். (ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ரிப்போர்ட்டோடு பரிசோதனைத் தாள்களையும் மாத்திரைப் பட்டியலையும் சேர்த்து அனுப்பினீர்களே, நல்லதாயிற்று. பெரும்பாலானவர்கள் ஸ்கேன் ரிப்போர்ட்டின் கடைசி வரியை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புவார்கள். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அந்த மதிப்பெண் தாளில் இருக்கிறது. பட்டியலின் கடைசியில் எழுதியிருக்கிறீர்களே ஒரு மாத்திரை, அதிலும் கொஞ்சம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஸ்கேன். மூளையின் இரண்டு பக்கமும் உள்ளே, சுண்டுவிரல் அளவில் ஹிப்போகாம்பஸ் என்று ஒரு பகுதி உண்டு. கடற்குதிரை மாதிரி வளைந்திருப்பதால் அந்தப் பெயர். இன்றைக்கு நடந்ததை நாளைக்கு வேண்டுமென்று எடுத்து வைப்பது இதன் வேலை. எம்.டி.ஏ. ஸ்கோர் என்பது, ரேடியாலஜிஸ்ட் இந்த இடத்தையும் இதைச் சுற்றியுள்ள இடைவெளியையும் கண்ணால் பார்த்துப் போடும் மதிப்பு. நெதர்லாந்தில் ஷெல்ட்டன்ஸ் என்பவரின் குழு 1992இல் கொண்டுவந்தது. 0 முதல் 4 வரை ஐந்தே படிகள், ஏற ஏறச் சுருக்கம் அதிகம். 3க்குள் இப்போதுதான் நுழைந்தவருக்கும் 3, நாளைக்கு 4ஐத் தொடப்போகிறவருக்கும் 3. சாதாரண முதுமையில் ஹிப்போகாம்பஸ் வருடத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் சுருங்கும். அல்சைமரில் சுமார் 3 முதல் 5 சதவீதம். இரண்டு வருடத்துக்குக் கணக்குப் போட்டாலும் 10 சதவீதத்தைத் தாண்டாது. சுண்டுவிரல் பத்தில் ஒரு பங்கு இளைத்தால் கண்ணுக்குத் தெரியுமா? கம்ப்யூட்டரில் கன அளவு எடுத்துப் பார்த்தால் தெரியும். கண்ணால் பார்த்துப் போடும் ஸ்கோரில் தெரியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இரண்டாவது ரிப்போர்ட்டின் நடுவில், யாரும் படிக்காத இடத்தில், ‘பரைட்டல் பகுதியின் மடிப்பு இடைவெளிகள் இரு பக்கமும் அகன்றுள்ளன’ என்று ஒரு வரி இருக்கிறது. பரைட்டல் என்பது உச்சந்தலைக்குக் கீழே, சற்றுப் பின்னால் உள்ள மூளைப்பகுதி. மடிப்பு இடைவெளி அகன்றால் அந்த இடம் சுருங்குகிறது என்று அர்த்தம். முதல் ரிப்போர்ட்டில் அந்த வரி இல்லை. முடிவுரை எழுதியவர் ஹிப்போகாம்பஸை மட்டும் பழையதோடு ஒப்பிட்டு ‘மாற்றம் இல்லை’ என்று எழுதிவிட்டார். அவர் பார்த்த இடத்தில் மாற்றம் இல்லைதான். நோய் அதற்குள் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது.

அது போகும் வழி ஓரளவு தெரிந்த வழிதான். அல்சைமரில் இரண்டு புரதங்கள் தப்பாகப் படிகின்றன. அமிலாய்டு, நரம்பு செல்களுக்கு வெளியே திட்டுத்திட்டாக. டௌ, செல்லுக்கு உள்ளே முறுக்கு நூலாக. 1906இல் ஜெர்மனியில் டாக்டர் அலோய்ஸ் அல்சைமர், ஆகுஸ்ட டேட்டர் என்ற பெண்ணின் மூளையை இறப்புக்குப் பின் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது கண்டது இந்த இரண்டையும்தான். அமிலாய்டு, அறிகுறி தெரிவதற்கு 15, 20 வருடம் முன்பே சேர ஆரம்பித்துவிடும். ஆனால் ஆளின் நடவடிக்கையோடு அதிகம் ஒத்துப்போவது டௌ. அது மூளையில் எந்த வரிசையில் பரவுகிறது என்பதை ஹைகோ பிராக், ஏவா பிராக் என்ற தம்பதி 1991இல் ஆறு கட்டங்களாகப் பிரித்துக் காட்டினார்கள். முதல் இரண்டு கட்டம், ஹிப்போகாம்பஸின் வாசற்படியான என்டோரைனல் கார்டெக்ஸ். அடுத்த இரண்டு, ஹிப்போகாம்பஸும் அதன் அக்கம்பக்கமும். கடைசி இரண்டில்தான் மூளையின் மேற்பரப்பு முழுக்கப் பரவும்.

அந்த வாசற்படிக்கு இன்னொரு வேலையும் உண்டு. நாம் எங்கே நிற்கிறோம், எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்று கட்டம் போட்டுக் கணக்கு வைக்கும் செல்கள் அங்கேதான் இருக்கின்றன. அதைக் கண்டுபிடித்த மோசர் தம்பதிக்கு, ஜான் ஓ’கீஃபோடு சேர்த்து 2014இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். ஸ்ரீரங்கத்து வீதிகள் கோயிலைச் சுற்றிச் சதுரத்துக்குள் சதுரமாகப் போகும். கிழக்கு எது, வடக்கு எது என்று மனசுக்குள் கணக்கு இல்லாவிட்டால் எல்லா மூலையும் ஒரே மூலைதான். 2022இல் உங்கள் அம்மா வழி தெரியாமல் சுற்றியதை ‘வெயிலில் தலைசுற்றல்’ என்று அன்றைக்கு எடுத்துக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அதற்காக இப்போது உங்களை நொந்துகொள்ள வேண்டாம்.

சரி, மதிப்பெண் தாளுக்கு வருவோம். டீச்சர் வீட்டில் இதைச் சொல்லவே வேண்டாம்: மொத்த மார்க்கை மட்டும் பார்த்தால் பிள்ளை எதில் வீக் என்று தெரியாது. 2023 தாளில் போன 5 மார்க் எங்கே போனது? மூன்று வார்த்தை சொல்லி, சற்று நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டதில் மூன்றும் போயிருக்கிறது. தேதியிலும் கிழமையிலும் இரண்டு. மற்றதெல்லாம் முழு மார்க். 100இலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னதற்கு 93, 86, 79, 72, 65 என்று கடகடவென்று சொல்லியிருக்கிறார். எதிரில் உட்கார்ந்த டாக்டருக்கே அந்த வேகம் வந்திருக்காது. அன்றைக்கு அடிபட்டிருந்தது ஹிப்போகாம்பஸும் அதன் வாசலும் மட்டும்தான்.

2025 தாளில் போனது 14. அந்த மூன்று வார்த்தை அப்படியே பூஜ்யம். அதற்குக் கீழே போக இடமில்லை. ஹிப்போகாம்பஸ் எவ்வளவு மோசமானாலும் அந்தக் கேள்வியில் இனிமேல் மார்க் குறையாது. நாள், மாதம், ஊர், மாடி என்று கேட்கும் பத்துக்கு ஏழு போயிருக்கிறது. ஏழு கழிப்பதில் மூன்று; 93, 86க்குப் பிறகு 80 என்று சொல்லிவிட்டு ‘என்ன கேட்டீங்க?’ என்றிருக்கிறார். ஒன்றோடொன்று கோத்த இரண்டு ஐங்கோணப் படத்தை வரைவதில் ஒன்று. புதிதாகப் போன மார்க்குகள் இடத்தைத் தலைக்குள் பிடித்து வைக்கும் பரைட்டல் பகுதியையும், ஒரு வேலையைப் பாதியில் நழுவவிடாமல் இழுத்துப் பிடிக்கும் முன்மூளையையும் காட்டுகின்றன. ரிப்போர்ட்டின் நடுவில் ஒளிந்திருந்த அந்த வரியும் இதையேதான் சொல்கிறது.

தாளின் பின்பக்கம் இருக்கும் கடிகாரத்தைப் பார்த்தீர்களா? வட்டம் ஒழுங்காக இருக்கிறது. 1 முதல் 12 வரை எல்லா எண்ணும் இருக்கின்றன, ஆனால் வலது பாதியிலேயே நெருக்கியடித்து நிற்கின்றன. 11 மணி 10 நிமிஷம் காட்டச் சொன்னதற்கு ஒரு முள்ளை 11க்கும் இன்னொன்றை 10க்கும் இழுத்திருக்கிறார். பத்து நிமிஷம் என்றால் 2ஐக் காட்ட வேண்டும் என்பதை எத்தனை வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்! காதில் விழுந்த ‘பத்து’ கையை நேரே 10க்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. ‘இரு, அது இல்லை’ என்று தடுக்க வேண்டியது முன்மூளை.

கோலமும் அதேதான். புள்ளி வைப்பது எண்ணிக்கை. கைக்குப் பழகிய வேலை. இழை இழுக்க ஆரம்பித்தால் எந்தப் புள்ளியைச் சுற்றினோம், அடுத்து எந்தப் பக்கம் வளைய வேண்டும், கடைசியில் எங்கே போய் மூடும் என்று படம் முழுவதும் தலைக்குள் நிற்க வேண்டும். நான் ஆஸ்பத்திரியில் வரையச் சொல்லும் ஐங்கோணத்தைவிட நம் ஊர் சிக்குக் கோலம் பத்து மடங்கு கஷ்டமான பரிசோதனை. கோலம் தடுமாறியது பரிசோதனையில் மார்க் குறைவதற்கு முன்னாலேயே நடந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். வாய்ப்பாடு விஷயம் வேறு. ஐம்பது அறுபது வருஷம் சொல்லிச் சொல்லி ஊறியது. அதைச் சொல்ல ஹிப்போகாம்பஸ் தேவையில்லை. பழைய பாட்டும் ஸ்லோகமும் இப்படித்தான் நெடுநாள் நிற்கும். ஆனால் காய்காரரிடம் 200 ரூபாய் கொடுத்து மீதி வாங்கச் சொல்லிப் பாருங்கள், 16ஆம் வாய்ப்பாடு உதவிக்கு வராது.

‘மூளை மாறாமல் ஆள் மட்டும் எப்படி மாற முடியும்’ என்ற கேள்வியை நான் கொஞ்சம் திருப்பிக் கேட்பேன். 2023இல் எம்.டி.ஏ. 3 இருந்த மூளையை வைத்துக்கொண்டு ஒருவர் எப்படி 25 மார்க் வாங்கினார்? விசித்திரம் அங்கேதான். அமெரிக்காவில் கன்னியாஸ்திரிகள் 678 பேரைப் பல வருடம் தொடர்ந்து பரிசோதித்து, இறந்தபின் மூளையைத் தானமாகப் பெற்று நடத்திய ஓர் ஆய்வு உண்டு. அதில் சிஸ்டர் மேரி என்பவர் 101 வயதில் இறக்கும்வரை பரிசோதனைகளில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தார். மூளையைத் திறந்து பார்த்தால் அமிலாய்டு திட்டும் டௌ முறுக்கும் நிறைய. படிப்பு, வேலை, பல மொழிப் பழக்கம் இவையெல்லாம் மூளைக்கு ஒரு சேமிப்பு என்கிறோம். ஹைதராபாதில் 648 நோயாளிகளிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், இரண்டு மொழி பேசுபவர்களுக்கு மறதி நோய் 4.5 வருடம் தாமதமாகத் தலைகாட்டியது. பள்ளிக்கூடமே போகாதவர்களிடமும் அந்த வித்தியாசம் இருந்தது. உங்கள் அம்மாவும் இத்தனை நாள் சேமிப்பில்தான் ஓட்டியிருக்கிறார். சேமிப்பு உள்ளவர்களுக்கு நோய் தாமதமாகத்தான் வெளியே தெரியும். தெரிய ஆரம்பித்துவிட்டால் இறக்கம் செங்குத்தாக இருக்கும், ஏனென்றால் உள்ளே சேதம் ஏற்கெனவே அதிகம். அறிகுறி வருவதற்கு முன் மூளை மாறுகிறது, ஆள் மாறுவதில்லை. நடுக் கட்டத்தில் ஆள் வேகமாக மாறுகிறார், ஃபிலிம் மெதுவாக மாறுகிறது. போதாததற்கு, செல் செத்துச் சுருங்குவதற்கு முன்பே செல்களுக்கு இடையிலான இணைப்புகள் அறுந்துவிடும். அது எந்த எம்.ஆர்.ஐ.யிலும் தெரியாது.

அண்ணனுக்கு இதைச் சொல்லுங்கள். “நல்லாருக்கேன், நீ சாப்பிட்டியா, பசங்க எப்படி இருக்காங்க, வெயில் ஜாஸ்தியா?” என்று போனில் ஐந்து நிமிஷம் பேசுவதும் வாய்ப்பாடு மாதிரிதான். நடுத்தர நிலையிலும் தாராளமாக வரும். அம்மா நடிக்கவில்லை, நீங்களும் மிகைப்படுத்தவில்லை. நான்கு நாள் லீவு போட்டு வந்து தங்கிவிட்டுப் போகச் சொல்லுங்கள். என் அனுபவத்தில் அதைவிடச் சிறந்த விளக்கம் கிடையாது.

எந்த ஸ்டேஜ்? அந்த 30 மார்க் ஞாபகப் பரிசோதனையில் 21 முதல் 26 வரை ஆரம்ப நிலை, 10 முதல் 20 வரை நடுத்தரம், அதற்குக் கீழே முற்றிய நிலை என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. அதன்படி நடுத்தரம். ஆனால் ஸ்டேஜ் முடிவு செய்ய நான் மார்க்கையும் ஸ்கேனையும்விட நம்புவது, அன்றாடம் எதைத் தானாகச் செய்கிறார் என்பதை. நியூயார்க்கின் டாக்டர் பாரி ரைஸ்பெர்க் இதற்கு ஏழு படி கொண்ட அளவுகோல் வகுத்தார். பணம், கணக்கு, விருந்துச் சமையல் போன்ற சிக்கலான வேலைகள் தடுமாறுவது 4. பொருத்தமான உடையைத் தேர்ந்தெடுக்க முடியாதது 5. உடுத்திக்கொள்ளவே உதவி வேண்டும், பிறகு குளிக்க, பிறகு கழிவறையில், அதற்குப் பிறகு சிறுநீர் தெரியாமல் போவது, இவை எல்லாம் 6. பேச்சு ஒன்றிரண்டு வார்த்தையாகி, நடை போய், படுக்கையாவது 7. கை கால் அசைவைக் கவனிக்கும் மூளைப்பகுதி கடைசிவரை ஓரளவு தப்பிப்பதால்தான், பெயர் மறந்தவர்கள்கூட வெகுகாலம் நன்றாக நடக்கிறார்கள். முற்றிய நிலையில் அதுவும் போய்விடும். புடவையை எடுத்துக் கொடுத்தால் கட்டிக்கொள்கிறார் என்ற உங்கள் ஒரு வரி போதும். அம்மா 5இல் இருக்கிறார்.

இந்த வரிசையை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. அல்சைமர் பெரும்பாலும் இந்த வரிசையை மீறாது. மீறினால், அங்கே வேறு ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். உங்கள் அம்மாவுக்கு மீறியிருக்கிறது. தானே புடவை கட்டிக்கொள்கிறவர், தானே குளிக்கிறவர். அவருக்கு இரவில் சிறுநீர் கசிகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது ஏன் வர வேண்டும்? அது வரிசையில் இன்னும் நான்கு படி தள்ளி வர வேண்டியது.

மாத்திரைப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடத்துக்கு முன் டோனெபெசில் 5லிருந்து 10 மில்லிகிராம் ஆகியிருக்கிறது. அதற்குப் பிறகு இரவில் கசிவு. ஆறு மாதமாக அதற்கு ஆக்ஸிபியூட்டினின், வேறொரு டாக்டர் எழுதியது. டோனெபெசில் மூளையில் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தைக் கூட்டுவதற்காகத் தருவது. அது சிறுநீர்ப்பையையும் தூண்டும், சிலருக்குக் கசியும். ஆக்ஸிபியூட்டினின் அதே அசிட்டைல்கோலினைத் தடுக்கும் மருந்து. சிறுநீர்ப்பையோடு நிற்காது, மூளைக்கும் போகும். ஒரு மாத்திரை ஏற்றிவிடுவதை இன்னொன்று இறக்குகிறது. நடுவில் அம்மாவின் ஞாபகமும் நிதானமும் அடிவாங்குகின்றன. இது அபூர்வமும் இல்லை. டோனெபெசில் வகை மருந்து எடுப்பவர்களுக்குச் சிறுநீர்ப்பை மாத்திரை எழுதப்படுவது மற்றவர்களைவிட அதிகம் என்று கனடாவின் ஒன்டாரியோவில் 2005இலேயே கணக்கெடுத்துக் காட்டினார்கள். இரண்டு டாக்டர்கள், இரண்டு சீட்டு, ஒருவருடையதை மற்றவர் பார்க்கவில்லை. எங்கள் தொழிலின் தப்பு இது, உங்களுடையது அல்ல.

அல்சைமரில் இந்த மதிப்பெண் வருடத்துக்குச் சராசரியாக மூன்று குறையும். இரண்டு வருடம் இரண்டு மாதத்தில் ஆறேழு குறைந்திருந்தால் நோயின் போக்கு என்று விட்டிருப்பேன். ஒன்பது குறைந்திருக்கிறது. அதிகப்படியாகப் போன இரண்டு மூன்று மார்க்கில் மாத்திரையின் பங்கு இருக்கலாம் என்பது என் சந்தேகம். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு, முதலில் அல்சைமருக்குப் பார்க்கும் டாக்டரிடம் கொண்டுபோங்கள். சிறுநீரில் கிருமி இருக்கிறதா, சர்க்கரை, தைராய்டு, பி12 எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். காதையும் சோதித்துவிடுங்கள், ‘என்ன கேட்டீங்க?’ என்றது மறதியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. டோனெபெசிலைக் குறைப்பதா, சிறுநீர்ப்பைக்கு மூளையைத் தொடாத வேறு மருந்து தருவதா என்று அவர் முடிவு செய்வார். மிராபெக்ரான் என்று ஒன்று இருக்கிறது, அம்மாவுக்கு பி.பி. இருப்பதால் யோசித்துத்தான் கொடுக்க வேண்டும்.

புது ஊசி பற்றி. அமெரிக்காவில் 2023 ஜூலையில் முழு அனுமதி பெற்ற லெக்கானெமாப், மூளையில் உள்ள அமிலாய்டை அகற்றும். 18 மாத ஆய்வில் நோயின் இறக்கத்தை 27 சதவீதம் மெதுவாக்கியது. நிறுத்தவில்லை, திருப்பவும் இல்லை. அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் இதே பரிசோதனையில் 22 அல்லது அதற்கு மேல் வாங்கியவர்கள். மூளையில் வீக்கமோ சிறு ரத்தக்கசிவோ வரலாம் என்பதால் அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டும். டௌ இவ்வளவு தூரம் பரவிய பிறகு அமிலாய்டை மட்டும் துடைத்து உங்கள் அம்மாவுக்குப் பெரிய பலன் கிடைக்காது. நகையை அடகு வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அந்தப் பணத்தில் பகலில் கூட இருக்க ஓர் ஆளைப் போடுங்கள். மூளையில் படிந்த புரதத்தைக் காட்டும் பெட் (PET) ஸ்கேனும் இப்போது தேவையில்லை. அதில் என்ன வந்தாலும் சிகிச்சை மாறப்போவதில்லை. வருடாவருடம் எம்.ஆர்.ஐ.யும் வேண்டாம். கீழே விழுந்தாலோ, ஓரிரு நாளிலோ வாரத்திலோ திடீரென்று மோசமானாலோ மட்டும் உடனே ஸ்கேன் எடுங்கள், மண்டைக்குள் ரத்தம் கட்டியிருக்கலாம்.

சாப்பிட்டு அரை மணி நேரத்தில் “எனக்கு யாரும் சோறு போடவில்லை” என்று அழுகிறார், நான் கத்திவிடுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். சாப்பிட்டது பதிவாகவில்லை, அவருடைய கணக்கில் அவர் சொல்வது நிஜம். சம்பவம் போன பிறகும் அதனால் வந்த உணர்வு கொஞ்ச நேரம் தங்கும் என்று அல்சைமர் நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நீங்கள் ஏன் கத்தினீர்கள் என்பது அவருக்கு மறந்துவிடும், மனசு மட்டும் கனத்துக் கிடக்கும். ‘சாப்பிட்டாச்சு’ என்று நிரூபிக்கப் போகாதீர்கள். “இதோ ஆகப்போகுது, அதுவரைக்கும் இதைச் சாப்பிடுங்க” என்று அரை வாழைப்பழம் கொடுத்துப் பாருங்கள்.

மாத்திரையை மாற்றினால் மூன்று மாதம் பொறுத்து மறுபடி பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். தாளை எனக்கு அனுப்பும்போது மொத்த மார்க்கை மட்டும் எழுதாமல், எந்தக் கேள்வியில் எத்தனை என்று தெரிகிற மாதிரி இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். கடிகாரத்தையும் சேர்த்து.